கேட்காமல் வந்த அகலக் கதவு

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, உல்லாசக் கப்பல் பயணம் நடத்தும் குரூஸ் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: உங்கள் கேபின் எண் இதுதான். டெக் (கப்பல் தளம்) வரைபடத்தைத் திறந்து எண்ணைத் தேடுகிறீர்கள். அக்கம்பக்கத்துக் கட்டங்களைவிட அந்தக் கட்டம் மட்டும் சற்றுப் பருத்துத் தெரிகிறது; ஓரத்தில் பொடியாக ஒரு சக்கர நாற்காலிக் குறி. வீட்டில் யாரும் சக்கர நாற்காலியில் இல்லை. பதிவு செய்தபோது அப்படி எதையும் கேட்டதும் இல்லை. பெரிய அறை கிடைத்துவிட்டதே என்று முதலில் மனம் துள்ளும். கொஞ்ச நேரத்தில் உறுத்தல் தொடங்கும்: யாருக்கோ உரிய இடத்தில் போய்ப் படுக்கப் போகிறோமா? அதன் பின்னாலேயே ஒரு பயம்: கப்பல் ஏறும் இடத்தில் நிறுத்திவைத்து ‘உங்களுக்கு இது எதற்கு?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்த எண் எந்த வழியாக உங்கள் பெயருக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் பயத்தை விட்டுவிடலாம். உறுத்தலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவைக்க வேண்டியிருக்கும்.

குரூஸில் கேபின் வாங்க இரண்டு வழி உண்டு. வரைபடத்தைப் பார்த்து இந்த டெக்கில் இந்த எண் என்று நாமே தேர்ந்தெடுப்பது ஒன்று. மற்றது ‘கேரண்டி’ என்று விற்கப்படுவது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உத்தரவாதம் எல்லாம் வகைக்கு மட்டும்தான். ஜன்னல் இல்லாத உள்பக்கக் கேபினுக்குப் பணம் கட்டினால் அந்த வகையிலோ அதைவிட மேலானதிலோ ஓர் இடம் நிச்சயம். எந்த டெக், கப்பலின் மூக்கா வாலா, இரவு விடுதிக்கு நேர் கீழேயா என்பதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தேர்வு செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பதால் விலை குறைகிறது. எண் சில சமயம் மறுநாளே வரும். சில சமயம் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்புகூட வரும்.

நிறுவனத்துக்கு இதில் என்ன ஆதாயம்? கப்பல் கிளம்பியபின் காலியாக நிற்கும் கேபின், சந்தை கலைந்தபின் கூடையில் மிஞ்சிய கீரைக்கட்டு. மறுநாள் அதற்கு விலை கிடையாது. போதாக்குறைக்கு, கேபினில் ஆள் இருந்தால்தான் மதுக்கூடம், சூதாட்டக் கூடம், கரைச்சுற்றுலா என்று மேற்கொண்டு வருமானம். அதனால் கடைசி ஓட்டைவரை அடைத்தாக வேண்டும். ஓட்டை எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியாது. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் வழக்கமான ஒரு வாரப் பயணங்களுக்கு, புறப்பாட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதமோ அதற்கு மேலோ இருக்கும்போது முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். அந்தக் கெடு நெருங்கும்போது ‘வேண்டாம்’ என்பவர்கள் கொத்தாக விலகுவார்கள். அதன்பிறகுதான் மிச்சம் என்ன என்பது தெளிவாகும். எண் இல்லாமல் காத்திருக்கும் கேரண்டிப் பெயர்களை நிறுவனம் அந்த மிச்சத்தில் பொருத்துகிறது.

அந்த மிச்சத்தில் சக்கர நாற்காலிக் கேபின் ஏன் இருக்கிறது? அதைக் கடைசிவரை விற்காமல் வைத்திருக்கச் சொல்வது சட்டம்.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2010 ஜூலையில் பயணிகள் கப்பல்களுக்கான விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அவை நடைமுறைக்கு வந்தன. அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றும் கப்பல், எந்த நாட்டில் பதிவாகி எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டாலும் கட்டுப்பட வேண்டும். முன்பதிவு பற்றி அந்த விதிகள் சொல்வதன் சாரம் இது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி கொண்ட கேபின்களை, அதே வகுப்பைச் சேர்ந்த மற்றக் கேபின்கள் எல்லாம் விற்றுத் தீரும்வரை அவர்களுக்காகவே ஒதுக்கி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஒருவர் குறிப்பிட்ட கேபினைப் பதிவு செய்தால், அந்த எண்ணை எல்லா முன்பதிவு அமைப்புகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். மற்றப் பயணிகளுக்கு எண் உறுதி தரும் வழக்கம் இல்லாவிட்டாலும் அவருக்குத் தர வேண்டும். வகுப்பில் மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் வசதிக் கேபினை யாருக்கும் கொடுக்கலாம். காலியாகவே ஓட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அமெரிக்க ஓட்டல்களுக்கும் 2012 மார்ச் முதல் ஏறக்குறைய இதே முறைதான்.

ஆக, சட்டப்படி வரிசையின் கடைசியில் நிற்பது அந்தக் கேபின். விலை குறைவுக்காக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றவர் கேரண்டிப் பயணி. இருவரும் அங்கே சந்தித்துக்கொள்கிறார்கள். ஏறும் இடத்தில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்த எண்ணை உங்கள் பெயரில் எழுதியதே அவர்கள்தான்.

இந்தச் சட்டம் கப்பலேறிய கதை கொஞ்சம் நீளம். ஆனால் பின்னால் வரப்போகும் விலைக் கணக்குக்கு அது வேண்டும். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மூத்த புஷ் கையெழுத்திட்டது 1990 ஜூலை 26 அன்று. ஓட்டல், உணவகம், திரையரங்கு எல்லாம் அதன் வரம்புக்குள் வந்தன. மயாமியிலும் ஹூஸ்டனிலும் ஆள் ஏற்றி, அமெரிக்கர்களின் பணத்தில் ஓடிய குரூஸ் கப்பல்களோ, ‘நாங்கள் பஹாமாஸ் கொடி, பனாமா கொடி’ என்று தள்ளி நின்றன. நீதிமன்றங்களும் இரண்டுபட்டன. 1998ல் நடந்த ஒரு பயணத்தைப் பற்றிய வழக்கு பிரீமியர் குரூஸ் நிறுவனத்தின்மேல் வந்தது. சக்கர நாற்காலி பயன்படுத்தும் பெண் ஒருவர், அதற்கேற்ற கேபின் வேண்டும் என்பதற்காக விளம்பர விலைக்கு மேலே தனியாகப் பணம் கட்டியதாகவும், ஏறிப் பார்த்தால் கேபின் அப்படி இல்லை என்றும் முறையிட்டார். 2000ல் அமெரிக்காவின் 11வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கும் சட்டம் பொருந்தும் என்றது. ஹூஸ்டனிலிருந்து கிளம்பிய நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்கள் பற்றிய வழக்கில் 5வது வட்ட நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்குதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2005 ஜூன் 6 அன்று வந்த தீர்ப்பின் முதன்மைக் கருத்தை எழுதியவர் நீதிபதி அந்தோனி கென்னடி. அமெரிக்கக் கடலெல்லைக்குள் இருக்கும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலும் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் கப்பலின் உள்விவகாரத்தில் தலையிடும், குறிப்பாக உடலமைப்பையே நிரந்தரமாக இடித்து மாற்றச் சொல்லும் கட்டளைகளைப் பொறுத்தவரை நிதானம் வேண்டும் என்பது அதன் போக்கு. சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையோடு முரண்படும் மாற்றத்தைக் கேட்க முடியாது. இங்கே நமக்கு முக்கியமானது வழக்குத் தொடுத்தவர்களின் குறைப்பட்டியல். மாற்றுத்திறனாளிகளிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். துணையோடுதான் வர வேண்டும் என்கிறார்கள். மருத்துவப் பொறுப்பைக் கேட்க மாட்டோம் என்று அவர்களிடம் மட்டும் எழுதி வாங்குகிறார்கள். பார்வைக்கு நல்ல இடத்திலுள்ள கேபின்கள் அவர்களுக்கு எட்டாதவை. அதாவது, அகலக் கதவு வேண்டும் என்றால் தனிக் காசு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதுதான் நடைமுறை.

அந்தக் கதவின் அகலத்துக்கு வருவோம். சாதாரணக் கேபின் கதவு சுமார் இரண்டடிதான். வயது வந்தவருக்கான சக்கர நாற்காலியே அந்த அளவு இருக்கும். அணுகல் வசதிக் கேபினில் கதவைத் திறந்தால் குறைந்தது 32 அங்குலம் வழி விட வேண்டும். உள்ளே நாற்காலி முழு வட்டம் அடித்துத் திரும்ப 60 அங்குல, அதாவது ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. ‘ஆகா, எவ்வளவு பெரிய அறை’ என்று மற்றவர்கள் வியப்பது இந்த வட்டங்களைத்தான். அதை வீண் இடமாகப் பார்க்கும் கண்ணுக்கு, வீட்டு வாசலில் விட்டிருக்கும் சாய்தளமும் அலங்காரமாகத்தான் தெரியும்.

மின்ஸ்கூட்டரில் வருபவருக்கு இன்னும் ஒரு சிக்கல். வண்டியை இரவில் தாழ்வாரத்தில் விட முடியாது. கப்பலின் தாழ்வாரம் தப்பிக்கும் பாதை. அங்கே எதையும் நிறுத்த நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. வண்டி கேபினுக்குள் வந்தாக வேண்டும், உள்ளேயே மின்னேற்றமும் செய்ய வேண்டும். கதவு இரண்டடி என்றால் பயணமே இல்லை. ‘கொஞ்சம் சமாளித்துக்கொள்ளலாமே’ என்பதற்கு இடமில்லாத தேவை இது.

தேவையில்லாமல் அங்கே தங்குபவருக்கு அந்த அறை எப்படி இருக்கும்? பரப்பைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் முதல் குளியலிலேயே கொஞ்சம் இறங்கி வருவார்கள். சாதாரணக் கேபினில் குளியலறை வாசலில் சில அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். இருட்டில் கால் இடறினாலும் தண்ணீரை உள்ளேயே நிறுத்தும். இங்கே அது கிடையாது. நாற்காலி நேரே ஷவருக்கு அடியில் போய் நிற்க வேண்டும் என்பதால் தரை ஒரே மட்டம். கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கழிப்பிடத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு வரும். துண்டுகளைச் சுருட்டி வாசலில் அணை கட்டுவது இக்கேபின்வாசிகளின் அன்றாடக் கைங்கரியம். கழிப்பிட இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருக்கும். குட்டையானவர்களுக்குக் கால் தொங்கும். துணி மாட்டும் கம்பி, உட்கார்ந்தபடி கை எட்ட வேண்டும் என்பதால் நான்கடிக்கு மேலே போகாது. நீள அங்கியை மாட்டினால் தரையைத் தொடும். கைகழுவும் தொட்டியின் அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டிருப்பதால், மற்றக் கேபின்களில் அங்கிருக்கும் அலமாரி இங்கே இருக்காது. சுவரைச் சுற்றிக் கம்பிகள், மடக்கி வைக்கும் இருக்கை, எங்கே கை பட்டாலும் ஊழியரை அழைத்துவிடும் அவசர மணிக் கயிறு. ஒரு நண்பர் இதில் ஈரத்துணியைக் காயப்போடப் பார்த்துக் கப்பல் மருத்துவப் பிரிவையே வாசலுக்கு வரவழைத்தார்.

குறை சொல்ல இவ்வளவு இருந்தாலும், தரைப்பரப்பு ஒன்றுக்காகவே இந்தக் கேபினைக் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. தேவை இல்லாதவர் பொய் சொல்லி வாங்குவது அரிதான தந்திரமாக இருந்திருந்தால் சட்டம் அதை மெனக்கெட்டு எழுதியிருக்காது. 2010ஆம் ஆண்டு விதியின் வாசகத்திலேயே ‘இடம் அதிகம் என்பதற்காக’ இக்கேபின்களைப் பதிவு செய்ய முயல்பவர்கள் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதைத் தடுக்க, பதிவு செய்பவரிடம் ‘தங்கப்போகிறவருக்கு இந்த வசதிகள் தேவைப்படும் குறைபாடு உண்டா’ என்று நிறுவனம் கட்டாயம் கேட்க வேண்டும். வேண்டுமானால் எழுத்துமூலமும் வாங்கிக்கொள்ளலாம். பொய் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருந்தால் விசாரிக்க வேண்டும். உறுதிமொழி கொடுத்து ஏமாற்றியவரை ஏற்றாமலே விடலாம்.

குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை விதி இங்கே தெளிவாகப் பிரித்துவிடுகிறது. தானாக வந்த கேபின் வேறு, பொய் சொல்லிப் பறித்த கேபின் வேறு. கேரண்டியில் இந்த எண் வந்த பலருக்கு, எண்ணோடு சேர்ந்தே சிறப்புத் தேவைப் படிவம் ஒன்றும் வருவதுண்டு. கேபினின் வகையைப் பார்த்து கணினி தானாக அனுப்பும் தாள் அது. ‘ஏதாவது எழுதி அனுப்பிவிடுவோம், இல்லாவிட்டால் கேபினைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று நினைத்து இல்லாத மூட்டுவலியை எழுதிவிட்டால், அதுவரை இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். ‘எங்களுக்குத் தேவை இல்லை, நீங்களாக ஒதுக்கியது’ என்று ஒரு வரி போதும். இன்னொரு காரணமும் உண்டு. சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, அவசரகாலத்தில் சிறப்புக் கவனிப்பு வேண்டும் என்று அறிவித்த பயணிகளின் விவரம் புறப்படும் முன்பே பதிவாகி கேப்டனுக்குப் போகிறது. ஏழு குறுவிசிலும் ஒரு நெடுவிசிலும் ஊதி எல்லாரையும் திரட்டும் நேரத்தில், மின்தூக்கிகள் பயன்படாத நிலையில், உதவி ஆட்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஓடுவார்கள். நன்றாக நடக்கும் ஒருவரைத் தேடி அவர்கள் ஓடினால், உண்மையில் தூக்கிச்செல்ல வேண்டியவருக்கு அந்த நிமிடங்கள் குறையும்.

‘தேவை’ என்பதையும் சக்கர நாற்காலியோடு மட்டும் முடிச்சுப் போடக்கூடாது. ஊரிலிருந்து வரும் பெற்றோரைக் கோடை விடுமுறையில் புளோரிடாவுக்குக் கூட்டிப்போய்க் கப்பல் ஏற்றுவது அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, தாழ்வான கழிப்பிடத்திலிருந்து எழ முடியாது, தடுப்பைத் தாண்டக் கால் தூக்க முடியாது. ‘நாற்காலியில் வருபவர்களுக்குத்தானே அது’ என்று கேட்கக் கூசி, சாதாரணக் கேபினில் ஒரு வாரம் அவரைத் தவிக்க விடுகிறார்கள். இவர்கள்தான் கேட்க வேண்டியவர்கள். கேபின்களிலேயே தரங்கள் உண்டு. பல குரூஸ் நிறுவனங்களை நடத்தும் கார்னிவல் குழுமத்தோடு அமெரிக்க நீதித்துறை 2015 ஜூலையில் செய்துகொண்ட உடன்பாடு மூன்றைச் சொல்கிறது: முழு வசதிக் கேபின்; கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி அணுகக்கூடிய முழு வசதிக் கேபின்; நடக்க முடிந்தாலும் பிடிமானம் தேவைப்படுபவருக்கான கேபின். கைத்தடியோடு நடக்கும் அம்மாவுக்கு மூன்றாவது போதும்; முதலாவதை அவர் எடுக்காமல் இருப்பது நல்லது.

எண்ணிக்கை எவ்வளவு என்பதும் அதே உடன்பாட்டில் இருக்கிறது. கார்னிவல், ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் ஆகிய பெயர்களில் ஓடும் கப்பல்களில் 49ல், மொத்தக் கேபின்களில் 3 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கூடவே 55,000 டாலர் அபராதமும், பாதிக்கப்பட்டவர்களுக்கு 3,50,000 டாலரும். 1,500 கேபின் உள்ள கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 3 விழுக்காடு என்றால் 45. அதை உள்பக்கம், கடல் ஜன்னல், பால்கனி, சூட் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்த மூன்று தரங்களாகப் பிரித்தால், ஒரு குறிப்பிட்ட தேவைக்கும் பையின் கனத்துக்கும் பொருந்துவது மூன்றோ நான்கோதான் தேறும். நாடறிந்த பள்ளி விடுமுறை வாரங்களில் அவை ஓராண்டு முன்பே போய்விடும். இதற்கென்றே இருக்கும் பயண முகவர்கள், அடுத்த பருவத்துக்கான விற்பனை திறந்த அன்றே பதிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் மூன்று வாரம் இருக்கும்போது ஒன்று எப்படி மிஞ்சியது? ஓராண்டு முன்பு பதிவு செய்தவர் உடம்பு சரியில்லாமல் விலகியிருக்கலாம்; இந்தப் பயணிகளிடையே அது அதிகம் நேரக்கூடியது. அல்லது அக்டோபர் மாதத்துச் சாதாரண வாரமாக இருக்கலாம். விலகிய இடத்தை இன்னொரு சக்கர நாற்காலிக்காரர் எடுத்துக்கொள்ளலாமே என்றால், மூன்று வாரத்தில் அவர் எதையெல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டரி நாற்காலியை ஏற்றிக்கொள்ளும் விமானம், துறைமுகத்துக்குப் போக, நாற்காலியை ஏற்றும் தூக்கி பொருத்திய வேன், முதல்நாள் இரவுக்கு ஓட்டல் அறை, ஒரு வாரம் கூட வரக்கூடிய உதவியாள், மருந்து, உயிர்வாயு. உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது நன்றாக நடப்பவர்களின் சொகுசு.

உறுத்தலை மாற்றிவைக்க வேண்டும் என்று சொன்ன இடம் இதுதான். மலிவு விலையில் கேரண்டி வாங்கியவருக்குக் கப்பலிலேயே அகலமான உள்பக்கக் கேபின் அமையலாம். அந்த அகலம் இல்லாமல் வாழ முடியாதவரோ கேரண்டிப் பக்கமே போக முடியாது. ‘ஏதோ ஓர் எண் வரும்’ என்று அவரால் காத்திருக்க இயலாது. இரண்டடிக் கதவு உள்ள எண் வந்தால் பயணம் வாசலோடு முடிந்தது. அவர் எண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த எண்ணுக்கு விலை அதிகம். வசதிக்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 2010ஆம் ஆண்டு விதி. கேட்ட வகுப்பில் வசதியே இல்லாமல் மேல் வகுப்பில் மட்டும் இருந்தால், கேட்ட வகுப்பின் விலைக்கே கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய கூடுதல் கட்டணம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் ‘எது வந்தாலும் சரி’ என்று சொல்ல முடிபவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி, அப்படிச் சொல்ல முடியாதவர்களுக்கு மறைமுகக் கூடுதல் கட்டணமாக நின்றுவிட்டது. எவரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை. எந்தப் படிவத்திலும் அது எழுதப்படவில்லை. இதை யாரும் வழக்காகக் கொண்டுபோவதும் சுலபமில்லை. உங்கள் பெயரில் அந்த எண் வந்ததற்காக வெட்கப்படுவதைவிட, அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுத்த விலையையும் அதே எண்ணுக்கு இன்னொருவர் கொடுத்திருக்கக்கூடிய விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உருப்படியான காரியம் என்பேன்.

அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடாத கப்பல்களில் இந்த விதிகள் கிடையாது. ஐரோப்பாவில் 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கும் கடல்வழிப் பயணிகள் உரிமை ஒழுங்குமுறை, குறைபாட்டைக் காரணம் காட்டி டிக்கெட் மறுப்பதையும் அதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்குவதையும் பொதுவாகத் தடுக்கிறது. தங்குமிடம் பற்றிய தேவையைப் பதிவு செய்யும்போதே சொல்லச் சொல்கிறது. மற்ற உதவிகளுக்கு 48 மணி நேர முன்னறிவிப்பு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தில் அணுகல் வசதியைக் கேட்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’, 1990ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரோடு கடலுக்கு வந்த கப்பல். அமெரிக்கச் சட்டம் கையெழுத்தான அதே ஆண்டு. கப்பல்கள் முப்பது, நாற்பது ஆண்டு ஓடுகின்றன. கட்டும்போது விட்ட கதவின் அகலம், சட்டங்கள் வந்து போனபிறகும் கூடவே பயணம் செய்கிறது.

சரி, எண் வந்துவிட்டது. என்ன செய்யலாம்? நிறுவனத்தையோ முகவரையோ தொலைபேசியில் அழைத்து, ‘எங்களுக்கு இந்த வசதி தேவையில்லை, காத்திருப்பவர் யாராவது இருந்தால் மாறிக்கொள்கிறோம்’ என்று பதிந்துவைப்பது நல்லது. பெரும்பாலும் ‘மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது, நீங்களே இருங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும். நீங்களாக வேறு கேபினுக்குக் குதித்தாலும் காலியாகும் இடம் தேவைப்படுபவருக்குப் போகும் என்பதற்கு உறுதி இல்லை. அடுத்த கேரண்டிப் பெயர் அங்கே வந்து உட்காரும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இன்னொரு தடை உண்டு. மேல்கட்டில் உள்ள கேபின்கள் குறைவு, உயிர்காக்கும் படகு வாரியாகவும் ஆள் கணக்கு உண்டு, நினைத்தபடி கலைத்துப்போட முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் அழைப்பு வரலாம். புறப்படும் வாரத்தில் யாராவது கால் உடைந்து நாற்காலிக்கு வந்திருப்பார். அல்லது மாற்றுத்திறனாளி ஒருவர் கடைசி நேரத்தில் பதிவு செய்திருப்பார். தேவை இல்லாதவரை வசதிக் கேபினிலிருந்து மாற்றும் உரிமையைப் பயண ஒப்பந்தங்கள் பொதுவாகவே நிறுவனத்திடம் விட்டுவைக்கின்றன. கட்டிய வகையிலோ அதற்கு மேலோ வேறு எண் கொடுப்பார்கள். ரயிலில் கீழ்ப்படுக்கையைப் பெரியவருக்கு விட்டு மேலே ஏறுவதுபோலத்தான் இது. மேலே ஏறத்தான் கால் இருக்கிறதே. பெட்டிச் சீட்டில் எண்ணை மாற்றி ஒட்ட மறந்துவிடாதீர்கள், சாமான் பழைய கேபின் வாசலில் போய் நிற்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: புதிய எண், இரவு விடுதிக்கு நேர் கீழே இருக்கிறதா?